ஏப்பத்தில் போகும் தீட்டு

சோடா யோவானுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பூதலிங்கம் பிள்ளை அவன் கிணற்று வெள்ளத்தை, வெறும் வெள்ளமாக, ஒரே ஒரு மிடறு குடிக்க வேண்டும். மற்றவர்கள் வயல் வாங்க ஆசைப்பட்டார்கள், மகனை அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் சேர்க்க ஆசைப்பட்டார்கள். இவனுக்கு இது. சின்ன ஆசையாகத் தெரியும். ஆனால் நான் சொல்லும் காலத்தில், அதாவது இந்தப் பக்கத்து ரோட்டில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலத்தில், வயல் வாங்குவது இதைவிட எளிது.

தண்ணீரை எங்கள் ஊரில் வெள்ளம் என்றுதான் சொல்வோம். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் பிள்ளையின் சாஸ்திரம் உங்களுக்கு விளங்காது. விளங்கினாலும் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

தக்கலையிலிருந்து இரணியலுக்குப் போகும் ரோட்டில் வாகையடிமுக்கு என்று ஓர் இடம். அங்கே யோவானுக்கு வெற்றிலை பாக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். அப்பன் பனையேறி. மகன் பனை ஏறக்கூடாது என்பதற்காகவே அவனை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அவன் படிப்பிலும் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து அவன் கொண்டுவந்தது இரண்டே விஷயம்: ஆண்டவர் முன்னால் எல்லாரும் சமம் என்ற வசனம், தலைமுடியை நடுவில் வகிடு எடுக்கும் பழக்கம். இரண்டில் வகிடுதான் கடைசிவரை நேராக இருந்தது.

பூதலிங்கம் பிள்ளை மேலத்தெருக்காரர். நிலவரி பிரிக்கும் பார்வத்தியக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, பூமிக்குள் நீரோட்டம் எங்கே ஓடுகிறது என்று சொல்லுவதில் பெயர் எடுத்தவர். யோவான் கிணறு வெட்ட நினைத்தபோது அவரைத்தான் கூப்பிட்டான். பிள்ளை வந்தார். முருங்கை மரத்தடியில் தேங்காய் கையில் நட்டமாக நிமிர்ந்து நின்றது.

"லேய் யோவானே, இங்கன வெட்டு. பாயசம் மாதிரி வெள்ளம் வரும். வரல்லைன்னா எனக்க மீசைய வழிச்சுப்போடுலே."

மீசை பிழைத்தது. வெள்ளம் அப்படி ஓர் இனிப்பு. யோவான் புதுச் செம்பு வாங்கி, முதல் செம்பு வெள்ளத்தைப் பிள்ளைக்கு என்று எடுத்து நீட்டினான். பிள்ளை குனிந்து பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்கியதை யோவான் தன் இரண்டு கண்ணாலும் கண்டான். தான் கண்டுபிடித்த வெள்ளத்தின் ருசி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எந்த மனுஷனுக்குத்தான் தோன்றாது? ஆனால் பிள்ளை நிமிர்ந்து, "பாத்தாலே தெரியுது, நல்ல வெள்ளம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். நீட்டிய செம்போடு யோவான் நின்றான். அந்த ஆசை அன்றைக்குப் பிடித்ததுதான்.

பிறகு அவன் நாகர்கோவிலில் ஒரு பழைய சோடா மிஷின் விலைக்கு வருகிறது என்று கேட்டு வாங்கிவந்தான். கழுத்தில் கோலி அடைத்த குப்பிகள், கைப்பிடி போட்ட சக்கரம். சுற்றினால் கிணற்று வெள்ளத்துக்குள் கேஸ் ஏறும். முதல் நாள் முதல் குப்பியை உடைத்தபோது கிளம்பிய சத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒருவர் வெடி என்று நினைத்து ஓடைக்குள் குதித்தார்.

இங்கேதான் பிள்ளையின் வயிறு கதைக்குள் வருகிறது. அவருக்குச் சக்கைப் பழம், அதாவது பலாப்பழம், என்றால் உயிர். சக்கைப் பழத்துக்கு அவர் வயிறு என்றால் ஆகாது. ஒருநாள் வயிறு மத்தளமாக வீங்கி, பஸ்ஸில் இருந்து இறங்கி முக்கில் நின்று நெளிந்தார். யோவான் சோடாவைக் கொண்டு போனான். பிள்ளை பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், குப்பியை வாங்கி உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது. அது வந்த விதத்தில் வயிறும் தணிந்தது, சாஸ்திரமும் பிறந்தது.

"இது வெள்ளமில்ல வேய். சோடா" என்று பிள்ளை கூடி நின்றவர்களுக்குச் சொன்னார். "வெள்ளமின்னா தீட்டு உண்டு. செரி. ஆனா இதுக்குள்ள கேஸ் இருக்கு. கேஸ் என்ன செய்யும்? உள்ள போயி தீட்டப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏப்பமா வெளிய வந்துரும். இப்பம் எனக்கு வந்துதா இல்லையா?"

வந்ததை எல்லாரும் கேட்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை.

அவ்வளவுதான். மேலத்தெரு முழுக்க யோவான் கடைக்கு வந்தது. சோடா குடிக்கலாம், ஆனால் ஏப்பம் விட்டாக வேண்டும். அதுவும் நாலு பேர் கேட்க விட வேண்டும். கடைமுன்னால் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று, வானத்தைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக ஏப்பம் விட்டார்கள். அரைகுறை ஏப்பத்தை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கிருஷ்ணமணிக்குப் பாவம், ஏப்பமே வராது. ஆளின் அமைப்பு அப்படி. ஒரு சோடாவைக் குடித்துவிட்டு அந்தி வரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. வீட்டில் அவரை முற்றத்திலேயே நிறுத்தி, தலையில் வெள்ளம் ஊற்றி, பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதன்பின் அவர் சோடாவைப் பார்த்தாலே ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார்.

படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், நாலு ஊர் பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்தக் கூத்து. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒருவனைத் தள்ளி வைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிடுகிறோம். காரணத்தை அதற்குப்பின் சாவகாசமாகத் தேடுகிறோம். அவன் கையில் இருந்து நமக்கு ஏதாவது வேண்டியிருந்தால், விதிவிலக்குக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

யோவானுக்கு வியாபாரம் அமோகம். ஆனால் மனம் நிறையவில்லை. மனைவி ஞானபாய் சொல்லிப் பார்த்தாள்.

"அவரு குடிக்கது ஒங்களுக்க கெணத்து வெள்ளந்தானே? பின்ன என்ன?"

"அது கேஸ் போட்டதுல்லா. ஏப்பத்துல எனக்கத் தீட்ட வெளிய விடுதாரு. எனக்க மொகத்தப் பாத்துக்கிட்டே விடுதாருட்டீ."

நியாயமான வருத்தம்தான்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. இடவப்பாதிக்கு, அதாவது வைகாசி நடுவில், வர வேண்டிய மழை வரவில்லை. குளம் வெடித்தது. மேலத்தெருக் கிணறுகளில் வாளி கல்லில் இடித்தது. யோவான் கிணற்றில் மட்டும் வெள்ளம் வற்றவில்லை. பிள்ளையின் தேங்காய் பொய் சொல்லவில்லை. நல்ல காலம் பிறந்தது, இனி வேறு வழியில்லாமல் எல்லாரும் குடம் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று யோவான் கிணற்றடியைக் கழுவிக் கோலம் போடாத குறையாக வைத்திருந்தான்.

குடம் வரவில்லை. வண்டி வந்தது. வண்டியில் காலிக் குப்பிகள்.

"எல்லாத்துலயும் சோடா நெறச்சுக் குடுலே" என்றார் பிள்ளை.

நான் கேட்டதைச் சொல்கிறேன். மேலத்தெருவில் அந்த வறட்சிக் காலம் முழுதும் சோடாவில் சோறு வைத்தார்கள். சோடாவில் பருப்பு வேகவைத்தார்கள். காலையில் பல் விளக்கிவிட்டுச் சோடாவால் வாய் கொப்பளித்தார்கள். கொப்பளிக்கும்போது சோடா மூக்கு வழியாக வந்ததில் கண்ணீர் விட்டார்கள். விடிந்தால் வீட்டுக்கு வீடு கோலி உடைக்கும் சத்தம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டினால் அது கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே அழுதது. யோவானுக்குச் சக்கரம் சுற்றிச் சுற்றி வலது கை மட்டும் பயில்வான் கை ஆகிவிட்டது. சட்டையில் ஒரு கைதான் இறுக்கிப் பிடித்தது.

இந்தக் களேபரத்தில் ஒரு பெரிய சந்தேகம் கிளம்பியது. சோடாவைப் பானையில் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் கேஸ் போய்விடுகிறது. கேஸ் போனபின் அது வெள்ளமா, சோடாவா? தீட்டு திரும்பி வந்துவிடுமா? தெருக்கூட்டம் கூடியது. பிள்ளை ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார்.

"பாலு தயிராயாச்சு. பின்ன அது பாலாவுமா? ஆவாது. அதுபோல சோடாவும்."

அன்றிலிருந்து பிள்ளை தன் வீட்டில் பழைய சோடாவையே குடித்துவந்தார். வாய் நிறைய வைத்திருந்து, கண்ணை மூடி, மெல்ல விழுங்குவார் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான். ஏப்பம்கூட வருவதில்லையாம். யோவான் சக்கரத்தை நிறுத்திவிட்டு யோசித்தான். வெறும் வெள்ளம், தன் வெள்ளம், அவர் குடித்தே விட்டார். ஆனால் தான் நீட்டிக் குடிக்கவில்லை.

"எனக்க கையில வாங்கிக் குடிக்கணும். அம்பிடுதான்" என்றான் ஞானபாயிடம்.

இப்போது செசிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் அவளைச் சொல்லாததற்குக் காரணம், யோவான் அவளை அவ்வளவாகக் கவனித்ததில்லை. கடியபட்டணத்துக் கடற்கரைப் பெண். மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வருவாள். ஞானபாயும் அவளும் மீன் விலைக்குச் சண்டை போட்டு, பிறகு பேன் எடுக்காத குறையாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடிந்ததும் செசிலி முற்றத்தில் குனிந்து இரண்டு கையையும் குவிப்பாள். ஞானபாய் உயரத்தில் இருந்து வெள்ளம் ஊற்றுவாள். செம்பைத் தொடக்கூடாது. கயிற்றைத் தொடக்கூடாது. கிணற்றடிக்கே வரக்கூடாது. இது யோவான் போட்ட சட்டம்.

காரணம் இல்லாமலா? இருந்தது. கடற்கரைக்காரி கையில் மீன் வாடை. கயிற்றைத் தொட்டால் வாடை கயிறு வழியாக இறங்கி வெள்ளத்தில் கலந்துவிடும். சோடாவில் மீன் வாடை அடிக்கும். அவள் கையால் அள்ளிப்போட்ட சாளை மீன் தினம் இரண்டு வேளை அவன் வயிற்றுக்குள் இறங்கியது. அது கயிறு வழியாக இறங்கவில்லை என்பதால் அதில் வாடை இல்லை போலிருக்கிறது. பிள்ளைக்குக் கொஞ்சமும் சளைக்காத சாஸ்திரிதான் நம் ஆள்.

இனி அந்த நாள். பிள்ளை தக்கலையில் ஒரு வீட்டில் அவலை நனைக்காமல் வெறும் வாயில் போட்டு மென்றுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். பஸ்ஸிலேயே விக்கல் பிடித்துவிட்டது. முக்கில் இறங்கியபோது ஆள் நிமிஷத்துக்கு நாலு தடவை துள்ளினார். கடைமுன்னால் கூட்டம் கூடியது. வழக்கம்போல் சோடாவைக் குடித்தார். மேலே வரப் பார்த்த ஏப்பத்தை விக்கல் வழியில் மறித்தது. ஏப்பம் விக்கலைத் தள்ளியது. பிள்ளை ஓர் எழுத்துகூடச் சொல்ல முடியாமல், கண் பிதுங்கி, தவளை மாதிரி சத்தம் போட்டார். இன்னொரு சோடா கொடுத்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

"ஏமானே" என்றான் யோவான். "விக்கலுக்குச் சோடா ஆவாது. வெறும் வெள்ளந்தான் மருந்து. கொண்டாரட்டா?"

பிள்ளை சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். ஒரு விக்கல். யோவானைப் பார்த்தார். இன்னொரு விக்கல். பிறகு தலையை ஆட்டினார். ஆம் என்றுதான் ஆட்டினார். எல்லாரும் பார்த்தார்கள்.

யோவான் கிணற்றடிக்கு ஓடினான். வாழ்க்கையில் அவன் அப்படி ஓடியதில்லை. பின்னாலேயே பிள்ளையும் துள்ளித் துள்ளி வந்தார், பொறுக்க முடியாமல். அவர் பின்னால் கூட்டம்.

அன்றைக்கு ஞானபாய் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். மீனோடு வந்த செசிலி கூப்பிட்டுப் பார்த்தாள், ஊற்ற யாரும் இல்லை, தொண்டை வறண்டுவிட்டது. தானே கயிற்றை இழுத்துக் கோரி, குடித்துவிட்டு, செம்பைக் கழுவி, மறுபடி நிறைத்துக் கிணற்றுச் சுவரில் வைத்திருந்தாள். கயிறு இன்னும் அவள் கையில் இருந்தது. யோவான் ஓடி வருவதைப் பார்த்ததும், பின்னால் விக்கல் சத்தத்தைக் கேட்டதும், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, இன்னா கோரி வச்ச வெள்ளம். கொண்டு குடும், பாவம்" என்று செம்பை எடுத்து நீட்டினாள்.

வாங்கி அப்படியே திரும்பி நீட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். கை நீட்டும் தூரத்தில் பிள்ளை நின்றார். இரண்டு கையையும் குவித்துவிட்டார். ஆனால் யோவான் கண்ணில் பிள்ளை படவில்லை. கயிற்றைப் பிடித்த கைதான் பட்டது.

"ஏட்டி, கயித்தயா தொட்ட? ஒனக்கு அறிவில்லியாட்டீ? கெணறு நாறிப்போச்சே" என்று அவன் போட்ட கூச்சலில் முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன. செம்பைப் பிடுங்கி அவ்வளவு வெள்ளத்தையும் தரையில் கவிழ்த்தான். வாளியைக் கவிழ்த்தான். சாம்பலை அள்ளி வாளியைத் தேய்க்கத் தொடங்கினான். தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் விக்கல் சத்தம் கேட்காதது அவனுக்கு உறைத்தது.

அவன் போட்ட கூச்சலில் பிள்ளைக்கு விக்கல் நின்றுபோயிருந்தது. குவித்த கையைப் பிரித்து மெல்ல வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் குடிக்க நின்ன வெள்ளத்தயா யோவானே ஊத்துன?"

"ஏமானே, அவ தொட்டுட்டா. தொட்டத எப்பிடிக் குடிக்க..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று பாதியில் தெரிந்துவிட்டது. பிள்ளையின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. பல வருஷமாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தீர்ந்தமாதிரி.

"அதத்தாம்லே நானும் இத்தன வருசமா சொல்லுதேன்" என்றார். "ஒனக்கும் விவரம் உண்டு. செரி, நான் வாறேன்."

முதல் தடவையாக அவனைப் பார்த்து, தன்னைப் போன்ற ஒருவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார். செசிலி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். கடற்கரைக்காரிகள் வாய் திறந்தால் ஊர் தாங்காது என்று சொல்லுவார்கள். இவள் நேராக ரோட்டுக்கு இறங்கி நடந்தாள்.

விஷயம் தெரிந்த ஞானபாய் அன்று இரவு வெறும் கஞ்சி வைத்தாள். மறுநாளும் கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்பு.

"மீனு எங்கட்டீ?"

"தொட்ட மீனெல்லாம் நாறும்லா" என்றாள் ஞானபாய்.

செசிலி அதே ரோட்டில்தான் வந்தாள், போனாள். யோவான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையோ தினமும் வந்தார். வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "யோவான் நம்ம கூட்டத்துல சேத்தி" என்று ஒருநாள் மற்றவர்களிடம் சொல்லவும் செய்தார். வருஷக்கணக்கில் அந்த மனுஷனிடம் இருந்து ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கியவன் யோவான். இப்போது அது கிடைத்தது. கிடைத்ததும் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

ஒருநாள் உச்சி வெயிலில், பிள்ளை சோடாவுக்காகக் காத்து நிற்கும்போது, செசிலி ரோட்டில் போனாள். யோவான் கடையில் இருந்து குதித்து, உள்ளே ஓடி, செம்பில் வெள்ளம் கோரிக்கொண்டு வந்து அவள் வழியில் நீட்டினான்.

"குடி மக்கா."

செசிலி செம்பைப் பார்த்தாள். வியர்வை கழுத்தில் ஓடியது. தாகம் இல்லாமல் இருக்க முடியாது.

"வேண்டாம்."

"ஏட்டி, வெயிலுல்லா. ஒரு மொடக்குக் குடி."

"ஒம்ம கையால கோரின வெள்ளம் எனக்கு ஆவாது" என்றாள் செசிலி, சாதாரணமாக.

யோவான் நீட்டிய செம்போடு நின்றான். முன்பு ஒருநாள் பிள்ளை முன்னால் நின்றமாதிரியேதான். ஆனால் அன்றைக்கு ஆசை வந்தது. இன்றைக்கு அழுகை வந்தது. ரோட்டில், பிள்ளை பார்க்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, மீசை வைத்த மனுஷன் மூக்கை உறிஞ்சினான்.

"பின்ன நீயே வந்து கோரு" என்றான். "கயிறு அங்கதான் கெடக்கு."

செசிலி பெட்டியை இறக்கிக் கடைவாசலில், சோடாக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். நேராகக் கிணற்றடிக்குப் போனாள். கப்பி கிறீச்சிடும் சத்தம் கடைவரை கேட்டது. செம்போடு திரும்பி வந்து, எல்லாரும் பார்க்க, செம்பில் வாயை வைத்து மடமடவென்று பாதி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

"இன்னா. நீரும் குடியும்."

எச்சில் வெள்ளம். யோவான் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. "லேய் யோவானே" என்று பிள்ளை பின்னால் இருந்து எச்சரித்தார். செசிலியின் கை மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. யோவான் எட்டி அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டான். பிடித்து, அண்ணாந்து அல்ல, வாயை வைத்தே, கடைசிச் சொட்டு வரை குடித்தான். மீன் வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. வெள்ளம் நல்ல இனிப்பு.

"சாளை இருக்கா?" என்றான் செம்பை வைத்துவிட்டு.

"இருக்கு. வெல கூடும்."

அவன் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்க ஆரம்பித்தான். பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"லேய், எனக்குச் சோடா."

"நில்லும் ஏமானே" என்றான் யோவான், திரும்பிப் பார்க்காமல். "மீனு வேங்கிட்டு வாறேன்."

பிள்ளை நின்றார்.